நெற்றியில் ஏறிய கண்ணாடி

சென்ற வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வெறும் ரசம்தான். குழம்பு கிடையாது. பொரியல் கிடையாது. பேச்சும் கிடையாது. என்ன காரணம் என்கிறீர்களா? என் மூக்கின் மேல் இருந்த ஒரு கண்ணாடி!

படிக்கிற கண்ணாடி இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போட்டுக்கொள்கிறோமே — ஓரமெல்லாம் ரப்பர் வைத்து, தலைக்குப் பின்னால் பட்டையால் இழுத்து மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி — அது. இங்கிலீஷில் காகிள்ஸ் என்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ‘தவளைக் கண்ணு’ என்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். செங்கற்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் நான் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு ஜட்கா. அதில், காஞ்சிபுரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய என் சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த இடம்! சும்மா இருப்பேனா? கையை உயர்த்தி, “வாங்க, வாங்க! வீட்டுக்குப் போங்க, இதோ வந்துடறேன்!” என்று கத்தினேன். பல் தெரியச் சிரிக்கவும் செய்தேன். ஆனால் கண்ணாடியைக் கழற்றவில்லை.

சம்பந்தி வீட்டுக்கு வந்தார், மோர் குடித்தார், பேரன் சமாசாரம் எல்லாம் சொன்னார். புறப்படும்போது வாசற்படியில் நின்று என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாராம்: “சம்பந்தி இப்ப பெரிய மனுஷர் ஆயிட்டார் போலிருக்கே. கண்ணைக் காட்டாமலே வாங்கன்னு சொல்றார்...”

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது.

“ஒரு நிமிஷம் அந்தச் சனியனைக் கழட்டினா குடியா முழுகிடும்?” என்று கேட்டாள் என் மனைவி.

முழுகும். முழுகியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். கோபத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாபகப்படுத்துகிற தைரியம் எனக்கும் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். பெரியவர்கள் எதிரே வந்தால் நாம் என்னவெல்லாம் செய்கிறோம்? மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடுகிறோம். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துவிடுகிறோம். சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைத்துக் கையைச் சுட்டுக்கொள்கிறோம். இது எல்லாம் பழைய மரியாதை. இந்தக் கறுப்புக் கண்ணாடி நேற்று வந்தது. யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் மூர் மார்க்கெட்டுக்கு வந்து குவிந்த பிறகுதான் நம்மில் பாதிப் பேர் இதைக் கண்ணாலேயே பார்த்தோம். ஆனால் அதற்குள் இதற்கும் ஒரு சட்டம் வந்துவிட்டது. யார் போட்டது? தெரியாது. பெரியவர்கள் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவன் ஒன்று திருடன், இல்லாவிட்டால் திமிர் பிடித்தவன் — அவ்வளவுதான். அப்பீல் கிடையாது!

சரி, காசிமைப் பற்றிச் சொல்கிறேன்.

காசிம் புதுப்பட்டினத்துக்காரன். என்னைவிட இருபது வயது சின்னவன். பீடி, தீப்பெட்டி, சோப்பு எல்லாவற்றுக்கும் ஏஜென்சி எடுத்திருந்தான். ஒரு பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிளில் மகாபலிபுரத்திலிருந்து செய்யூர் வரைக்கும் கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பான். செங்கற்பட்டு கூட்ஸ் ஷெட்டில் சரக்கு எடுக்க வருகிற நாட்களில் என் வீட்டுக்கும் ஒரு நடை வருவான். பெட்ரோல் பங்கில் ஆரம்பித்த சிநேகம். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் — மோட்டார் சைக்கிள். வேறென்ன வேண்டும்?

அவன் வண்டி கொஞ்சம் கோளாறு. ஓடுகிற வரைக்கும் ஓடும். நிறுத்திவிட்டால் மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும். உதைத்து உதைத்துக் காலே வீங்கிவிடும். அதனால் காசிம் கூடுமானவரை வழியில் நிறுத்தவே மாட்டான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எப்படியோ, அவன் கண்ணாடி முதல் தரம். மூர் மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்தது. பகலுக்குக் கறுப்பு, சாயங்காலத்துக்கு வெள்ளை என்று இரண்டு வைத்திருந்தான். அதை அவன் காப்பாற்றிய விதம் இருக்கிறதே... என் வீட்டு வெள்ளிச் சாமானைக்கூட நாங்கள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கண்ணாடியில் இரண்டு விரோதிகள் வந்து உட்காருவார்கள். ஒன்று மணல். இன்னொன்று உப்புக் காற்று. காலையில் மகாபலிபுரம் பக்கம் போய்த் திரும்பினால் கண்ணாடி மேல் மங்கலாக ஒரு பூச்சு படிந்திருக்கும். நம்மவர்கள் என்ன செய்வார்கள்? வேட்டி நுனியை எடுத்து ‘பரக் பரக்’ என்று துடைப்பார்கள். மணல் இருக்கிற கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைப்பதும், அதில் உப்புத்தாள் போடுவதும் ஒன்றுதான். நாலு தடவை துடைத்தால் போதும், கண்ணாடி முழுக்க மயிரிழை மாதிரி கீறல். அப்புறம் எதிர் வெயில் அடித்தால் ரோடு தெரியாது. கீறல்கள் மட்டும் ஜோராகத் தெரியும்!

காசிம் அப்படிச் செய்யமாட்டான். முதலில் தண்ணீர் ஊற்றுவான். மணல் தானாகக் கழன்று ஓடவேண்டும். பிறகு பழைய மல் துணியால் ஒற்றி எடுப்பான் — தேய்க்கமாட்டான், ஒற்றுவான். நிழலில் காயவைப்பான். தொழுகை நேரத்தில் வழியிலிருக்கிற பள்ளிவாசலுக்குப் போவான். அதுதான் அவன் கவலையில்லாமல் வண்டியை நிறுத்துகிற இடம். தள்ளிவிட யாராவது இருப்பார்கள். தொழுகைக்கு முன்னால் முகம் கை கால் கழுவுகிற — வுளு செய்கிற — இடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் தனியாக மொண்டு, ஓரமாகப் போய் முதலில் கண்ணாடியைக் கழுவுவான். “இதுக்கும் ஒரு வுளு அண்ணாத்த” என்று சிரிப்பான்.

மார்கழிப் பனியில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி பிடித்துக்கொள்ளும். அதற்கு உலர்ந்த சோப்பை லேசாகத் தடவி, மல் துணியால் மினுக்கிவிட வேண்டும் என்பது எனக்கு அவன் சொன்னது. பதிலுக்கு நானும் சிலது சொன்னேன். வெயிலில் பெட்ரோல் டாங்கின் மேல் வைக்காதே, ரப்பர் வெடித்துவிடும். கவிழ்த்து வைக்காதே. பொழுது சாய்ந்தால் கறுப்பைக் கழற்றி வெள்ளையை மாட்டு. இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஓர் எருமை மாடு சொல்லிக்கொடுத்தது. சாயங்காலம் திருக்கழுக்குன்றம் ரோட்டில் கறுப்புக் கண்ணாடியோடு போனேன். மாடும் கறுப்பு, கண்ணாடியும் கறுப்பு. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் ஹாண்டில் பாரில் ஒரு செல்லுலாய்ட் மறைப்புக்கூட மாட்டிப் பார்த்தேன். காற்றும் தூசியும் முகத்தில் அடிக்காது என்று கடைக்காரர் சொன்னார். ஒரு கோடைதான் தாங்கியது. மஞ்சளாகி, மோர்க்குழம்பு வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கழற்றி எறிந்தேன். நம் ஊருக்குக் கண்ணாடிதான் சரி.

இப்படி எங்கள் கண்ணாடி சாம்ராஜ்யம் நடந்துகொண்டிருந்தபோது காசிமுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

பெண்ணின் தகப்பனார் யூசுப் பாய். சதுரங்கப்பட்டினத்தில் சவுக்குக் கட்டை வியாபாரம். கால்வாயில் படகு படகாக மெட்ராஸுக்கு அனுப்புகிறவர். நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்கிறேன் — நல்ல மனிதர். அவர் வீட்டுக்குப் போனால் நாம் டீயை ஒரு வாய் குடிக்கிற வரைக்கும் அவர் உட்காரமாட்டார். தன்னைவிட ஒரு வயது மூத்தவர் என்றாலும் எழுந்து நிற்பார். மரியாதை கொடுப்பதில் குறை வைக்காதவர். அதனாலேயே வாங்குவதிலும் குறை பொறுக்காதவர்.

நிச்சயமான சில நாட்களில் சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் காசிம் வண்டியில் போகிறான். ஓரமாக யூசுப் பாய் நிற்கிறார். காசிம் வலது கையைத் தூக்கி சலாம் சொன்னான். பாயும் பதில் சொன்னார். சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று சாயங்காலமே காசிமின் தாயாருக்குச் செய்தி போயிற்று: ‘சலாம் சொல்றப்ப கண்ணு கண்ணப் பாக்கணும். மாப்ள மூஞ்சிய மூடிக்கினு சலாம் சொல்றாரு. என் பொண்ணக் குடுக்கற எடத்துல எனக்கு மதிப்பு கீதா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க.’

காசிமின் தாயார் பயந்துவிட்டார். மகனைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாடா, மாமன் முன்னால தெனாவட்டா கண்ணாடி மாட்டிக்கினு போனியாமே? ஒனக்கு அந்தப் பொண்ணு வோணுமா, வோணாமா?”

“வோணும்மா.”

“அப்ப பெரியவங்களப் பாத்தா அதத் தூக்கிடு. மாமன் மட்டுமில்ல. யாராயிருந்தாலும் தூக்கிடு. ஒருத்தருக்குத் தூக்கி ஒருத்தருக்குத் தூக்கலன்னா அதுவும் பேஜாரு.”

அவனுக்கு அந்தப் பெண் வேண்டும். மிகவும் வேண்டும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் சதுரங்கப்பட்டினம் வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லாத ஊருக்கெல்லாம் சதுரங்கப்பட்டினம் வழியாகப் போய்க்கொண்டிருந்தான். எனக்குப் புரியாதா?

அன்றிலிருந்து ஆரம்பித்தது அந்த வித்தை. தூரத்தில் ஒரு வெள்ளைத் தாடி தெரியும். இடது கை கண்ணாடியைப் பிடித்து நெற்றிக்கு ஏற்றும். அது ஹாண்டில் பாருக்குத் திரும்பியதும் வலது கை சலாமுக்குப் போகும். ஆளைத் தாண்டியதும் இடது கை மறுபடி மேலே போய்க் கண்ணாடியை இறக்கும். வண்டி நிற்காது. நின்றால்தான் கிளம்பாதே! பஸ் வந்தால் ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பான். கட்டை வண்டிக்காரர், போஸ்ட்மாஸ்டர், கோவில் குருக்கள், சர்ச் பாதிரியார் — வித்தியாசமே கிடையாது. நரைத்த தலை தெரிந்தால் கண்ணாடி மேலே.

“ஏண்டா, நீ என்ன ரயில்வே கைகாட்டியா?” என்று நான் கேலி செய்வேன்.

“கைதான அண்ணாத்த... தூக்கி எறக்கினா இன்னா, தேஞ்சா பூடும்? அவங்களுக்கு சந்தோசம். நமக்கு இன்னா செலவு?”

உண்மையில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். கடற்கரை முழுக்க அவன் பெயர் பரவிவிட்டது. ‘மோட்டார் சைக்கிள் வெச்சிக்கினு எவ்ளோ பணிவு பாரு!’ என்றார்கள். தங்கள் பிள்ளைகளைத் திட்டுவதற்கு அவனை உதாரணம் காட்டினார்கள். ஆர்டர்கூடக் கூடியது என்று சொன்னான். யூசுப் பாய்க்கோ ஒரே பெருமை. என்னைப் பார்த்தபோது அவரே சொன்னார்: “மாப்ள தங்கமான புள்ள சார். ஒரு தபா சொன்னேன், புட்சிக்கினாரு.”

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சாமான் வாங்குகிறான். ஊர் அதை அவன் எத்தனை தடவை கழற்றுகிறான் என்று எண்ணி அவனுக்கு மார்க் போடுகிறது. நாம் அத்தனை பேரும் கைதட்டுகிறோம். இது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று அப்போது யாருக்காவது தோன்றியதா? இல்லையே...

போன வருஷம் ஆடி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசிம் வீட்டில் எனக்கு விருந்து. “அம்மா ஒங்கள இட்டாரச் சொல்லிச்சி” என்று அவனே செங்கற்பட்டுக்கு வந்து அழைத்துக்கொண்டு போனான். அவன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். திருக்கழுக்குன்றம் தாண்டினோம். ரோடு ரிப்பேருக்காகக் கப்பிக்கல் பரப்பியிருந்தார்கள். ரோலர் இன்னும் வரவில்லை. ஆடிக் காற்று வேறு. சவுக்குத் தோப்பு ஓரமெல்லாம் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

எதிரே செங்கற்பட்டுக்குப் போகிற பஸ் வந்தது. டிரைவருக்குப் பின் சீட்டில், ஜன்னலோரம், வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக யூசுப் பாய்.

நான் பார்ப்பதற்கு முன்பே காசிம் பார்த்துவிட்டான். இடது கை மேலே போயிற்று. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. வலது கை சலாமுக்கு உயர்ந்தது. “அஸ்ஸலாமு அலைக்கும் மாமா!” என்று அவன் குரல் பஸ் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. பஸ் சக்கரம் கப்பிக்கல்லில் ஏறி அவனைக் கடந்தது. அடுத்த நொடி என்னையும் கடந்தது. என் கண்ணாடியில் ‘டிக், டிக்’ என்று பொடிக் கற்கள் பட்டுத் தெறித்தன. பஸ் போகிற போக்கில் நான் யூசுப் பாயைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன.

நல்ல தூக்கம்.

திரும்பி ரோட்டைப் பார்த்தேன். காசிமின் வண்டி ஓரத்து மணலில் இறங்கிச் சாய்ந்து கிடந்தது. அவன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம்.

“ஒண்ணுமில்ல அண்ணாத்த... கல்லு பட்டுச்சி... ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பஸ் போய்விட்டது. என் வண்டியின் பின்னால் அவனை உட்காரவைத்து, என் துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குத் திரும்பினேன். அங்கே டாக்டர் பார்த்தார். பார்த்தவர் உடனே ஒரு டாக்ஸிக்கு ஆள் அனுப்பினார். மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வலது கண். காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அதில் கண்ணாடியும் இருந்தது. தண்ணீர் ஊற்றி, மல் துணியால் ஒற்றி, நிழலில் வைத்து அவன் காப்பாற்றிய கண்ணாடி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வயதான மனிதன், ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸுகள் பார்க்க அழுதேன்.

மறுநாள் யூசுப் பாய் வந்தார். கூடவே காசிமின் தாயார். காசிமுக்குத் தலையைச் சுற்றிக் கட்டு. இன்னொரு கண்ணையும் மூடி வைத்திருந்தார்கள். குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

“மாப்ள...” என்றார் பாய்.

காசிம் எழுந்திருக்கப் பார்த்தான். நான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன். படுத்தபடியே அவன் கேட்டான்:

“மாமா, நேத்து நீங்க பஸ்ல போனீங்களே... நான் சலாம் சொன்னேன். கண்ணாடியத் தூக்கிட்டுத்தான் சொன்னேன். பாத்தீங்கல்ல?”

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தூங்கியது எனக்குத் தெரியும் என்று என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் கல் பட்டது என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எப்போது பட்டது, ஏன் பட்டது என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்தது. சிவந்த மனிதர். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

“பாத்தேன் மாப்ள” என்றார். “பாத்தேன். வ அலைக்கும் ஸலாம்னு பதிலும் சொன்னேனே. ஒனக்குக் கேக்கல?”

“பஸ் சத்தம் மாமா” என்று காசிம் சிரித்தான். கட்டுக்குக் கீழே அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாயும் வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தூங்கிட்டேன் சார்” என்றார். “விடியக்காலைல படகுல கட்டை ஏத்தி அனுப்பிட்டு வந்தனா... பஸ்ல ஏறினதும் அசந்துட்டேன். நான் பாக்கவே இல்ல சார்.”

“நீங்க என்ன பண்ணுவீங்க பாய்?” என்றேன். சொல்லும்போதே அது எனக்குப் பிடிக்கவில்லை.

“உள்ள இன்னா சொல்றாரு தெரியுமா? ஒத்தக் கண்ணனுக்குப் பொண்ணு குடுக்க வோணாம் மாமா, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்னு எனக்கு ஆறுதல் சொல்றாரு. எனக்கு! நான் சொல்லிட்டேன் சார், கண்ணு ஆறினதும் நிக்காஹ்தான்னு. எம் பொண்ணு கிட்ட காலைலயே கேட்டுட்டேன். கண்ணாலயா பேசப் போறாரு, வாயாலதான பேசுவாருன்னு சொல்லிச்சி. அது பெரிய மனுஷி. ஆனா சார்... அந்தக் கண்ண நான் எங்க போய் வாங்கியாருவேன்?”

அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுததை நான் மறக்கமாட்டேன். யாரைக் கோபித்துக்கொள்வது? பாயையா? அவர் கேட்டது ஒரு சலாம். காசிமின் தாயாரையா? அவர் மகனுக்கு நல்ல சம்பந்தம் கைநழுவக் கூடாது என்று நினைத்தார். பஸ் டிரைவரையா? ரோடு அப்படி. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்! நல்லவர்களாகக் கூடி ஒரு நல்லவன் கண்ணைப் போக்கிவிட்டால் என்ன செய்வது?

அன்றிலிருந்து எனக்கு ஒரு விரதம். வண்டி ஓடுகிறபோது கண்ணாடி என் முகத்திலிருந்து இறங்காது. எதிரே கவர்னர் வந்தாலும் சரி. வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, கால் தரையில் ஊன்றிய பிறகு — கழற்றுவேன், கும்பிடுவேன், வேண்டுமானால் காலில்கூட விழுவேன். ஓடுகிற வண்டியில் கிடையாது. அதற்குத்தான் ஒரு வாரம் ரசம்.

வாசகர்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ தெரியாது. வைத்திருக்கிறவர்களின் மாமனார்களும் சம்பந்திகளும் கட்டாயம் இருப்பீர்கள். நான் எழுதுவது உங்களுக்குத்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் கேட்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே போ என்று அந்த ஒரு வார்த்தையை நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்குகிற மரியாதைக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அது எவ்வளவு என்று நமக்குத் தெரிவதில்லை. நாம் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

காசிமின் நிக்காஹ் போன மாதம் நடந்தது. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். ஏஜென்சிக்கு இப்போது சைக்கிளில் போகிறான். மகாபலிபுரம் வரை போவதில்லை. காயம் பட்ட இடம் வெளியே தெரியாமலிருக்க, எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூர் மார்க்கெட் சாமான் இல்லை. சாதாரணக் கண்ணாடி, காதில் மாட்டுகிறது.

சதுரங்கப்பட்டினத்தில் பந்தல். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடியோடுதான். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வெள்ளைத் தாடிகள், வெள்ளைத் தொப்பிகள். முதல் பெரியவர் பந்தலுக்குள் நுழைந்தாரோ இல்லையோ, காசிமின் இடது கை தானாக எழுந்தது. பழக்கம். கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துவிட்டது.

பக்கத்தில் இருந்த யூசுப் பாய் சட்டென்று அந்தக் கையைப் பிடித்தார். மெதுவாகக் கீழே இறக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டார். கடைசி வரை விடவில்லை.

“வோணாம் மாப்ள” என்றார். “போட்டுக்கினே இரு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். இதையே போன வருஷம் சொல்லியிருக்கலாம்.